மீட்டர் கத்திய நாள், கத்தாத நாள்

பி.எச்டி. சேர்ந்த புதிது. கதிரியக்க பாஸ்பரஸ்-32 வைத்து டிஎன்ஏ புரோப் (குறிப்பிட்ட மரபணுவைத் தேட உதவும் டிஎன்ஏ துண்டு) லேபிள் பண்ண வேண்டும். கதிர்வீச்சு என்றால் ஈயம்தானே என்று மூலையில் கிடந்த ஈயத்தகட்டைத் தூக்கி முன்னால் நிறுத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். சீனியர் அக்கா பார்த்துவிட்டுப் பிடித்தார் ஒரு பிடி. "இது பீட்டா கதிர்டா, ஆற்றல் 1.7 எம்.இ.வி. வரைக்கும் போகும், நேரே ஈயத்தில் மோதினால் எக்ஸ் கதிர் கிளம்பும், ஒரு சென்டிமீட்டர் அக்ரிலிக் போதும், ஈயம் வேண்டுமானால் அதற்கு அந்தப்பக்கம் வை."

சரி என்று மாற்றி வைத்து வேலையை முடித்தேன். கதிர்வீச்சு பட்டால் கத்தும் கெய்கர் கவுண்டரில் பார்த்தால் பெஞ்ச் சுத்தம், பிப்பெட் சுத்தம். கிளம்பும்போது சும்மா கையை நீட்டினால் கரகரவென்று கத்துகிறது! கையுறைக்கும் கோட்டுக்கும் நடுவே எட்டிப் பார்த்த கடிகார வாரில் ஒரு துளி. நல்லவேளை, தோலில் படவில்லை. (பட்டால் வெதுவெதுப்பான தண்ணீரும் சோப்பும்தான், பிரஷ் போட்டுத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொள்ளாதீர்கள்.) அரை ஆயுள் 14.3 நாள், பத்து அரை ஆயுள் கழியட்டும் என்று கடிகாரத்தை அக்ரிலிக் பெட்டியில் போட்டுவிட்டார்கள். கிட்டத்தட்ட ஐந்து மாதம்.

- - -

உங்களுக்காவது மீட்டர் கத்தியது. நான் டிரிட்டியம் (கதிரியக்க ஹைட்ரஜன்) ஆள், அதன் பீட்டா அவ்வளவு பலவீனம், கெய்கர் மூச்சே விடாது. ஃபில்டர் பேப்பரால் துடைத்து சிண்டிலேஷன் கவுண்டரில் (கதிர் கிளப்பும் ஒளிமினுக்குகளை எண்ணும் கருவி) போட்டால்தான் தெரியும். அப்படித் துடைத்ததில் எங்கள் லேபில் மாட்டியது ஃபிரிட்ஜ் கைப்பிடி. யாரோ கையுறையோடு திறந்திருக்கிறார்கள். யாரென்று கடைசிவரை ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை.

- - -

நான் லேப் ஆள் இல்லை சார், பைப் வெல்டிங்கைக் கதிர்வீச்சால் படமெடுக்கிற வேலை, சோர்ஸ் கதிரியக்க இரிடியம்-192. ஒரு ராத்திரி ஷாட் முடிந்து சோர்ஸைக் கேமராவுக்குள் (அதை வைக்கிற கவசப் பெட்டி) திருப்பிச் சுற்றியாயிற்று. ஹெல்பர் தம்பி ஃபிலிம் எடுக்கக் கிளம்பிவிட்டான். எனக்கு எப்போதும் சர்வே மீட்டரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் கிட்டப் போகிற பழக்கம், நாலு எட்டு வைப்பதற்குள் முள் ஏறிக்கொண்டே போகிறது. சோர்ஸ் போய்வருகிற கைடு டியூப் எங்கோ நசுங்கி, அது உள்ளே வராமல் நடுவிலேயே நின்றுவிட்டது. அவன் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பின்வாங்கினேன், யாரும் கிட்ட வராமல் தடுக்கிற கயிற்றை இன்னும் தள்ளிக் கட்டி, பாதுகாப்பு அதிகாரிக்குப் போன் போட்டேன். தூரம் இரண்டு மடங்கானால் டோஸ் கால்வாசி, அந்த நேரத்தில் அதுதான் நம் கையில் இருப்பது. தம்பி மட்டும், "அண்ணே, டியூபை லேசா ஆட்டிப் பார்க்கட்டுமா?" என்று விடியும்வரை கேட்டுக்கொண்டே இருந்தான்.