திருமணிமுத்தாற்றுத் தண்ணீர் பாயும் ஏரி மீனை மாசமாக இருக்கிற பெண்ணுக்குக் கொடுக்கலாமா?

கேள்வி: செவ்வாய்ப்பேட்டை அம்மா

மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். ஏழாம் மாதம். ஞாயிறானால் எங்க வீட்டுக்காரர் சேலத்துக்குத் தெற்கே ஒரு ஏரிக்குப் போய் உயிர் ஜிலேபி வாங்கி வந்துவிடுகிறார். பையைப் பிரித்தால் வால் துடிக்கும், செவுள் ரத்தச் சிவப்பாக இருக்கும். பழசு என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அந்த ஏரிக்கு வருவது திருமணிமுத்தாற்றுத் தண்ணீர். ஏற்காட்டு மலையிலிருந்து இறங்கும்போது நன்றாகத்தான் இருக்கிறது. டவுனைத் தாண்டுவதற்குள் சாக்கடை, சாயப் பட்டறை, வெள்ளிப் பட்டறை எல்லாம் கலந்து விடுகிறது. ஈயம், காட்மியம் மீனில் ஏறும் என்று போனில் படித்துவிட்டு மகள் தொட மாட்டேன் என்கிறாள். கல்லுப்பும் மஞ்சளும் போட்டு உரசி, புளித்தண்ணீரில் அலசினால் எந்த விஷமும் போய்விடும் என்கிறார் மாமியார். யார் சொல்வது சரி?

பதில்: அம்மாபேட்டை

நாங்கள் சின்ன வயதிலிருந்து அந்த ஏரி மீன்தான் சாப்பிடுகிறோம். கல்லு மாதிரி இருக்கிறோம். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எதைப் பார்த்தாலும் பயம்.

பதில்: மீன்வளம் படித்தவன், மேட்டூர்

அக்கா, உங்கள் மகள் சொல்வதுதான் சரி. புளியும் மஞ்சளும் கவுச்சியைத்தான் எடுக்கும். உலோகம் மீனின் உடம்புக்குள் இருப்பது; கொதித்தாலும் வறுத்தாலும் அழியாது.

எந்த உலோகம் மீனில் எங்கே தங்குகிறது என்பதுதான் முக்கியம். காட்மியம் ஈரலிலும் சிறுநீரகத்திலும் சேரும். ஈயம் எலும்பு, செதில், செவுளில் அதிகம். அதனால் குடலையும் செவுளையும் முழுசாக எடுத்துவிட்டால் இந்த இரண்டும் ஓரளவு குறையும். தலைக்குழம்பு வேண்டாம், முள்ளோடு மெல்லுகிற பொடி மீனும் வேண்டாம். பாதரசம் அப்படி இல்லை. சதையின் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும், வெட்டி எறிய வழியில்லை. மீனைத் தின்னும் மீனில்தான் அது ஏறிக்கொண்டே போகும்: பெரிய விரால், வாளை. கட்லா, ரோகு, ஜிலேபியில் குறைவு.

நாற்றத்தை வைத்து முடிவு பண்ணாதீர்கள். ஜவ்வரிசி ஆலைக் கழிவு மூக்கைத் துளைக்கும், தண்ணீரில் ஆக்சிஜனை இழுத்து மீனையே சாகடிக்கும். ஆனால் அது மாவுக் கழிவு, இந்த உலோகக் கதை வேறு. காட்மியத்துக்கு வாசனையே கிடையாது.

அம்மாபேட்டை அண்ணனுக்கு: பெரியவர்கள் நன்றாக இருப்பதை வைத்துக் கருவைச் சொல்ல முடியாது. ஜப்பானின் மினமாட்டாவில் 1956-இல் பாதரச நோய் வெளியே தெரிந்தது. அங்கே பாதரசம் ஏறிய மீனைச் சாப்பிட்டும் தங்களுக்குப் பெரிதாக ஒன்றும் இல்லாத தாய்மார்களுக்குக்கூட மூளை பாதித்த குழந்தைகள் பிறந்தன. ஈயமும் தொப்புள்கொடி வழியாகப் போகும். மீனில் ஈயத்துக்குச் சர்வதேச உணவுத் தர வரம்பு கிலோவுக்கு 0.3 மில்லிகிராம், அதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல யாராலும் ஆகாது.

செவ்வாய்ப்பேட்டை அம்மா

சரி தம்பி. மீன் கடையில் அதிகாரிகள் ஒரு பட்டையை ஒற்றிப் பார்க்கிறார்களே, அதில் தெரியாதா? அப்புறம், மீனையே நிறுத்தட்டுமா? பிரசவத்துக்கு அப்புறம் விரால் கொடுப்பதுதான் எங்கள் வழக்கம்.

மீன்வளம் படித்தவன், மேட்டூர்

அந்தப் பட்டை ஃபார்மலின், அம்மோனியா பார்க்க. உலோகத்துக்கு ஆய்வகத்தில் மீனைக் கரைத்துக் கருவியில்தான் பார்க்க வேண்டும்.

மீனை நிறுத்தவே வேண்டாம். பிள்ளையின் மூளை வளர்ச்சிக்கு மீன் நல்லது. பாதரசம் குறைந்த மீனை வாரத்துக்கு 225 முதல் 340 கிராம் வரை கர்ப்பிணிகள் சாப்பிடலாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமே சொல்கிறது. பட்டறைத் தண்ணீர் சேராத பண்ணைக் குளத்துக் கட்லாவோ ரோகுவோ வாங்குங்கள். விராலும் அப்படியே: வளர்ப்புக் குளத்து அரைக்கிலோ விரால் போதும், பெரிசாக இருக்கிறதே என்று ஏரி விராலுக்கு ஆசைப்பட வேண்டாம்.

செவ்வாய்ப்பேட்டை அம்மா

வீட்டுக்காரர் பண்ணை மீன் விலையைக் கேட்டு முனகுகிறார். ஏரி மீனை அவரே சாப்பிடட்டும், மகளுக்கு மட்டும் கட்லா வாங்கச் சொல்லிவிட்டேன்.

மீன்வளம் படித்தவன், மேட்டூர்

அவரும் குடலைச் சுத்தமாக எடுத்துவிட்டுச் சாப்பிடட்டும் அக்கா. காட்மியம் ஒருமுறை சிறுநீரகத்தில் சேர்ந்தால் பாதி வெளியேறவே பத்து வருஷத்துக்கு மேல் ஆகும்.