சின்ன வயதில் வாங்கிய அடிக்கும் இப்போதைய குடிக்கும் நிஜமாகவே தொடர்பு உண்டா?

கடைக்குட்டி:
எங்கள் அப்பா கோபக்காரர். எப்போது கோபம் வரும், எதற்கு வரும் என்று யாருக்கும் தெரியாது, கையில் கிடைத்ததை எடுத்து அடிப்பார், அதில் பெரும்பங்கு அண்ணன்மேல்தான் விழுந்தது. அப்பா இறந்து வருஷக்கணக்காகிவிட்டது. ஆனால் இன்றைக்கும் வாசலில் பைக் வந்து நிற்கும் சத்தம் கேட்டால் அண்ணனுக்குப் பேச்சு பாதியில் நின்றுவிடும், கழுத்து விறைத்துப்போகும், கொஞ்ச நேரம் கழித்துத்தான் ஆள் நம்மிடம் திரும்பி வருவார். பள்ளிக்கூட நாளிலேயே குடிக்கத் தொடங்கியவர், இப்போது தினமும் குடிக்கிறார். சொந்தக்காரர்கள் திமிர் என்கிறார்கள். ஆலோசகர் ஒருவரோ, இளம் வயது மன அழுத்தம் மூளையையே மாற்றிவிடும் என்றார். இது உண்மையா, இல்லை எங்கள் மனம் ஆறச் சொன்னதா? அதே வீட்டில் வளர்ந்த நான் குடிப்பதில்லையே?

நரம்புமுடிச்சு:
உண்மைதான். ஆபத்து என்று பட்டதும் மூளையில் ஹைப்போதலாமஸ் ஒரு ஹார்மோனை விடும், அது பிட்யூட்டரியைத் தூண்டும், பிட்யூட்டரி சிறுநீரகத்தின்மேல் இருக்கும் அட்ரீனல் சுரப்பியைத் தூண்டும், ரத்தத்தில் கார்ட்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் ஏறும். அதே கார்ட்டிசால் நினைவைக் கையாளும் மூளைப்பகுதியான ஹிப்போகேம்பஸில் உள்ள ஏற்பிகளில், அதாவது ஹார்மோன் வந்து ஒட்டும் இடங்களில், போய் ஒட்டி, போதும் நிறுத்து என்றும் சொல்லும். வளர்கிற வயதில் இந்த ஏற்பாடு திரும்பத் திரும்ப, அதுவும் எப்போது என்று ஊகிக்க முடியாதபடி கிளப்பப்பட்டால் கெட்டுப்போவது பெரும்பாலும் அந்த நிறுத்தும் பகுதிதான். பயத்தைக் கிளப்பும் மூளைப்பகுதியான அமிக்டலா சின்னச் சத்தத்துக்கும் துள்ளும். அதை அடக்கவேண்டிய முன்மூளைப் புறணியோ இருபதுகளின் நடுப்பகுதி வரை வளர்ந்துகொண்டே இருக்கிற பகுதி, அதனால் அடியும் அங்கேதான் பலமாக விழுகிறது.

கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் மீனி குழு 2004-இல் வெளியிட்ட எலி ஆய்வு இதில் முக்கியமானது. தாய் அதிகம் நக்கிக்கொடுக்காமல் வளர்ந்த குட்டிகளுக்கு, அந்தக் கார்ட்டிசால் ஏற்பியை உருவாக்கும் மரபணுவின்மேல், அதன் வேலையை அடக்கிவைக்கும் மெத்தில் என்ற ரசாயனக் குறிகள் அதிகம் படிந்திருந்தன, ஏற்பிகள் குறைந்திருந்தன. குட்டியைப் பிறந்ததுமே நன்றாக நக்கும் தாயிடம் மாற்றி விட்டால் அப்படி ஆகவில்லை. அதாவது பிறவியில் வந்ததல்ல, வளர்ப்பில் எழுதப்பட்டது.

குடிக்கு வருவோம். 1991-இல் ரீசஸ் குரங்குகளில் பார்த்தார்கள். தாயில்லாமல் சம வயதுக் குட்டிகளோடு மட்டும் வளர்ந்தவை சாதாரண நாளிலேயே அதிக மது குடித்தன. தாயிடம் வளர்ந்தவை குறைவாகத்தான் குடித்தன, ஆனால் கூட்டத்திலிருந்து பிரித்துத் தனியே வைத்தபோது அவையும் ஏறக்குறைய அதே அளவுக்கு வந்துவிட்டன. எனக்கு இதில் தெரிவது, தாயில்லாமல் வளர்ந்தவை தினமுமே அந்தத் தனிமை நாளில்தான் வாழ்ந்தன என்பது.

மறுபடியும்:
நான் குடித்தவன், நிறுத்தியவன், அதனால் உள்ளேயிருந்து சொல்கிறேன். என் வீடும் அப்படிப்பட்டதுதான். முதல் தடவை குடித்தபோது எனக்குப் போதை ஏறியதாகவே ஞாபகம் இல்லை, தோள் இரண்டும் கீழே இறங்கியதுதான் ஞாபகம், அத்தனை வருஷமாக அவற்றைத் தூக்கியே வைத்திருந்தேன் என்பது அப்போதுதான் தெரிந்தது. அன்று இரவு நடை சத்தத்துக்குக் காது கொடுக்காமல் தூங்கினேன். மற்ற பையன்கள் ஜாலிக்குக் குடித்தார்கள், எனக்கு அது மருந்தாக இருந்தது. உங்கள் அண்ணனைத் திமிர் என்கிறவர்களுக்கு இந்த வித்தியாசம் புரியாது.

நரம்புமுடிச்சு:
இவர் சொல்வதற்கு ரசாயனக் காரணமே இருக்கிறது. மூளையை அமைதிப்படுத்தும் காபா என்ற ரசாயனத்தின் வேலையை மது கூட்டும், மூளையைக் கிளப்பிவிடும் குளூட்டமேட் என்ற ரசாயனத்தின் வேலையைக் குறைக்கும். அலறிக்கொண்டே இருக்கும் மூளைக்கு அது பெரிய நிம்மதி. ஆனால் தினமும் குடித்தால் மூளை எதிர்த்திசையில் தன்னைச் சரிக்கட்டிக்கொள்ளும், ஹைப்போதலாமஸ் விடும் என்று முதலில் சொன்னேனே, அதே ஹார்மோன் அமிக்டலா பக்கம் முன்னைவிட அதிகமாகச் சுரக்கும். அப்புறம் குடி இறங்கும்போதெல்லாம் பழைய பயம் வட்டியோடு திரும்பி வரும், அதை அடக்க இன்னொரு கிளாஸ்.

நிழல்மரம்:
போதை மறுவாழ்வுப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். 1998-இல் அமெரிக்காவில் வந்த பெரிய ஆய்வில், குழந்தைப் பருவத்தில் நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட வகைக் கொடுமைகளைப் பார்த்தவர்கள் குடிநோயாளி ஆகும் வாய்ப்பு, எதையும் பார்க்காதவர்களைவிட ஏறக்குறைய 7 மடங்கு இருந்தது. அதற்காக எல்லோரும் குடிப்பார்கள் என்று இல்லை. பரம்பரைக்கு ஏறக்குறைய பாதிப் பங்கு உண்டு, தொடங்கிய வயதும் பெரிய விஷயம், 15 வயதுக்கு முன்பே தொடங்குகிறவர்கள்தான் மிக எளிதாகச் சிக்குகிறார்கள். நீங்கள் கேட்ட "அதே வீடு" பற்றி ஒன்று கேட்கிறேன் தம்பி: அப்பா அடிக்க வரும்போது நீங்கள் எங்கே இருந்தீர்கள்?

கடைக்குட்டி:
அண்ணன் முதுகுக்குப் பின்னால்.

நிழல்மரம்:
அப்படியென்றால் உங்களுக்கு ஒரு அண்ணன் இருந்தார், அவருக்கு யாரும் இல்லை. குழந்தைக்குப் பக்கத்தில் பாதுகாப்பான ஒரு ஆள், ஒரே ஒரு ஆள் இருந்தாலும் பாதிப்பு நிறையக் குறைகிறது, இதை வார்டிலும் பார்க்கிறேன்.

கடைக்குட்டி:
இதைப் படித்துவிட்டு நெடுநேரம் ஒன்றும் எழுத முடியவில்லை. சரி, இப்போது என்ன செய்வது? நாளையிலிருந்து ஒரு சொட்டு தொடமாட்டேன் என்கிறார். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம்.

நிழல்மரம்:
தயவுசெய்து அப்படி ஒரேயடியாக நிறுத்த விடாதீர்கள். தினமும் நிறையக் குடிக்கிறவர் சட்டென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், அதற்கடுத்த நாட்களில் ஆள் அடையாளம் தெரியாமல் பிதற்றுகிற நிலையும் வரலாம், உயிருக்கே ஆபத்து. முதலில் டாக்டர். அவர் மருந்து கொடுத்து மெதுவாக இறக்குவார். அதன்பின் ஆசையைக் குறைக்க நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் போன்றவை இருக்கின்றன, எது பொருந்தும் என்பதைக் கல்லீரல், சிறுநீரகப் பரிசோதனை பார்த்து அவர்தான் முடிவு செய்யவேண்டும். கூடவே அந்தப் பைக் சத்தத்தையும் சொல்லுங்கள். பழைய பயத்துக்கும் சிகிச்சை உண்டு, குடியை மட்டும் நிறுத்திவிட்டு அதை அப்படியே விட்டவர்கள்தான் எங்களிடம் அதிகம் திரும்பி வருகிறார்கள். தினமும் எவ்வளவு, கடைசியாகக் குடித்தது எப்போது, முன்பு நிறுத்தியபோது கை நடுங்கியதா, வலிப்பு வந்ததா, இவ்வளவையும் ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு நீங்களும் கூடப் போங்கள்.