எலைட் விளையாட்டும் என் நாற்பது பக்கக் கொப்பியும்

1985 குளிர்காலத்தில், இலண்டன் ஈஸ்ட் ஹாமில் இருந்த பெரியப்பா வீட்டில்தான் பிபிசி மைக்ரோவை முதன்முதலாகக் கண்டேன். ஏகோர்ன் நிறுவனம் 1981 டிசம்பரில் வெளியிட்ட கணினி அது. 32 கிலோபைட் நினைவகம் கொண்ட ‘மொடல் பி’ வகையின் விலை 399 பவுண்ட். பிள்ளைகளின் படிப்புக்கென்று பெரியப்பா அதைத் தவணைக்கு வாங்கியிருந்தார். அண்ணா அதில் படித்ததை நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

அதுவரை நான் அறிந்த கணினி விளையாட்டுகளில் மூன்று உயிர்கள் இருக்கும், சில நிமிடங்களில் அவை போய்விடும், புள்ளிகள் மிஞ்சும். அண்ணா காட்டிய எலைட் அப்படியானதன்று. கேம்பிரிட்ஜ் மாணவர்களான டேவிட் பிரேபன், இயன் பெல் இருவரும் எழுத, 1984 செப்டம்பரில் ஏகோர்ன்சொப்ட் வெளியிட்ட அந்த விளையாட்டில், லேவ் என்ற கோளருகே 100 கிரெடிட் பணமும் ஒரு சிறு விண்கலமும் தரப்படும். அதன்பின் வணிகம் செய்வதா, கொள்ளையடிப்பதா, எங்கே போவதா என்பதெல்லாம் நம் விருப்பம். சேமித்து வைத்துவிட்டு மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஒலிநாடாவிலிருந்து அது ஏறி முடிவதற்குள் பெரியம்மா தந்த தேநீர் ஆறிவிடும்.

எனக்குச் சண்டை வராது. சுழலும் விண்நிலையத்தின் வாசலுக்குள் கலத்தைச் செலுத்துவதும் வராது; அந்த வேலையைத் தானாகச் செய்யும் கருவிக்கு 1500 கிரெடிட் வேண்டும். ஆகவே வணிகத்தில் இறங்கினேன். லேவில் உணவை வாங்கிச் சாவோன்ஸில் விற்று, அங்கிருந்து கணினிகளை ஏற்றிவருவதற்காக, ஒவ்வொரு கோளின் பெயரையும் விலைகளையும் நாற்பது பக்கக் கொப்பியில் குறித்தேன். விலைகள் மட்டும் அடுத்த பயணத்தில் சற்றுப் பிசகும். நான்தான் பார்த்து எழுதுவதில் தவறிவிட்டேன் என்று அடித்துத் திருத்துவேன்.

பின்னர் வகுப்புத் தோழன் ஒருவனின் வீட்டில், வேறொரு கணினியில், நெகிழ்வட்டிலிருந்து ஏற்றிய எலைட்டைப் பார்த்தேன். அங்கும் அதே லேவ், அதே டீசோ, அதே லீஸ்டி, என் கொப்பியில் இருந்த அதே இடங்களில். எட்டு அண்டங்கள், ஒவ்வொன்றிலும் 256 கோள்கள்; இந்த 2048 பெயர்களையும் யார் உட்கார்ந்து எழுதியிருப்பார்கள் என்று அண்ணாவிடம் கேட்டேன். “எல்லாம் நாடாவிலை இருக்கும்” என்றார். நானும் நம்பினேன்.

*

உங்கள் கட்டுரையைப் படித்தேன், ஐயா. அந்த 2048 பெயர்களையும் யாரும் உட்கார்ந்து எழுதவில்லை. இந்திய அரசு 1984இல் தொடங்கிய ‘கிளாஸ்’ என்னும் பள்ளிக் கணினித் திட்டத்தின் வழியாக எங்கள் பள்ளிக்கும் பிபிசி மைக்ரோ வந்தது. அதில் விளையாட எங்களுக்கு அனுமதியில்லை என்பதால் எலைட்டை நான் அறிந்ததே வேலைக்குச் சேர்ந்த பிறகு, அதுவும் இயன் பெல் வெளியிட்ட நிரலைப் படித்துத்தான். ஓர் அண்டத்துக்கு அவர்கள் வைத்திருந்தது மூன்று எண்கள், மொத்தம் ஆறு பைட் மட்டுமே. அம்மூன்றையும் கூட்டி, வந்த தொகையைக் கடைசி எண்ணாக்கி, முதல் எண்ணை விட்டுவிட்டு மீண்டும் கூட்டிக்கொண்டே போனால் அடுத்தடுத்த கோள்கள் பிறக்கும். இரண்டிரண்டு எழுத்துகளாகக் கோத்துப் பெயரும் அதே எண்களிலிருந்து வரும். ஆங்கில எழுத்துகளில் LA, VE இரண்டும் சேர்ந்ததே லேவ் (LAVE). தொடக்க எண்கள் மாறாதவரை எந்தக் கணினியிலும் அதே கோள்கள்தான்.

இம்முறையில் 2-இன் 48ஆம் அடுக்கு வரை அண்டங்களை உண்டாக்கியிருக்கலாம். அத்தனை இருந்தால் எல்லாம் ஒன்றுபோலவே தோன்றிவிடும் என்று பதிப்பாளர் எட்டோடு நிறுத்தச் சொன்னது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். கோள் ஒன்றுக்கு ஆங்கிலத்தில் பிட்டத்தைக் குறிக்கும் கொச்சைச் சொல் பெயராக அமைந்துவிட்டதால் ஓர் அண்டத்தையே கைவிட்டார்களாம்!

விலை பிசகியதற்கும் நீங்கள் காரணமல்லர். கோளின் பொருளாதாரத்தைக் கொண்டு கணக்கிட்ட விலையோடு, ஒவ்வொரு வருகையின்போதும் தற்செயலாக எடுத்த ஓர் எண்ணும் சேர்க்கப்படும்.

*

மிக்க நன்றி, தம்பி. நேற்றிரவு கொப்பியைத் தேடி எடுத்தேன். சாவோன்ஸுக்கு நேரே கணினியின் விலை மூன்று முறை அடித்து எழுதப்பட்டிருக்கிறது. மூன்றும் சரியாகவே இருந்திருக்கின்றன.