வாட்ஸ்அப்ல புதைஞ்சுபோற குறிப்பை எப்படிச் சேத்து வைக்கீய?

அக்காமாரே, வணக்கம். களக்காடு பக்கம் கிராம சுகாதாரச் செவிலியரா இருக்கேன். எங்க வாட்ஸ்அப் குழுவுல சந்தேகம் கேட்டா உடனே பதில் வந்துரும். மறுநாள் தேடினா "காலை வணக்கம்" பூப்படம்தான் கிடைக்கும்!

போன வாரம் காய்ச்சல்னு வந்தவர் இடுப்புல, சிகரெட்டால சுட்ட மாதிரி கருப்புப் புண்ணு. உண்ணிக் காய்ச்சலோன்னு சந்தேகப்பட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பிட்டேன். டாக்டரம்மா அதைப்பத்தி முன்னாடி போட்ட வாய்ஸ் மெசேஜைத் தேடியே அரைமணி நேரம் போச்சு. பின் பண்ணி வச்சாலும் 30 நாள்தான் நிக்கும்.

டெலிகிராம்ல தலைப்பு வாரியாப் பிரிச்சு வைக்கலாமே, யாராச்சும் செஞ்சு பாத்தியளா? மலையடிவாரத்துல சிக்னல் கிடையாது, நெட் இல்லாமலும் திறக்கணும். நோயாளி முகமோ பேரோ தெரியாம போட்டோ போட நீங்க என்ன செய்யுதீய?