தேஜஸ் நம்முடையது, அதன் இன்ஜின் யார் கையில்?

சூலூர்வாசி:
2025 செப்டம்பர் 25 அன்று நம் நாட்டிலேயே உருவான தேஜஸ் மார்க் 1ஏ போர் விமானங்கள் 97-க்கு 62,370 கோடி ரூபாய் ஒப்பந்தம் கையெழுத்தானது. மறுநாள் சண்டிகரில் பழைய ரஷ்யப் போர் விமானமான மிக்-21-க்கு விடை கொடுத்தார்கள். விமானப்படையிடம் இருக்க வேண்டிய போர் விமானப் பிரிவுகள் (ஸ்க்வாட்ரன்) 42. அன்றோடு மிஞ்சியது 29. எல்லோரும் இந்த எண்ணிக்கையைப் பற்றித்தான் பேசுகிறார்கள். எனக்கு உறுத்துவது வேறு. 2021 பிப்ரவரியில் ஆர்டர் கொடுத்த 83 தேஜஸ் சொன்ன நேரத்துக்கு வராததற்குப் பெரிய காரணம் ஜெனரல் எலெக்ட்ரிக்கின் எஃப்404 இன்ஜின். 99 இன்ஜின் கேட்டது 2021-இல். முதலாவது வந்து சேர்ந்தது 2025 மார்ச்சில். அதே ஆண்டு ஆகஸ்டில், ரஷ்ய எண்ணெய் வாங்குகிறோம் என்று சொல்லி நம் பொருள்களுக்கான வரியை 50 சதவீதமாக ஏற்றியதும் அமெரிக்காதான். இறக்கை, மென்பொருள் எல்லாம் நம்முடையதாக இருந்தும் இன்ஜினுக்கு வாஷிங்டனைப் பார்த்துக் காத்திருக்கும் நாடு, தன் வெளியுறவை எப்படித் தானே தீர்மானிக்கும்?

கடலோரன்:
நண்பரே, இன்ஜின் தாமதத்துக்கு அரசியல் சாயம் பூச வேண்டாம். வேறு ஆர்டர் இல்லாததால் எஃப்404 தயாரிப்பு வரிசையே சில ஆண்டுகள் மூடிக் கிடந்தது. அதைத் திரும்ப ஓடவிட்டு, உதிரிபாக சப்ளையர்களைச் சேர்க்கத்தான் காலம் பிடித்தது. ஸ்வீடனின் கிரிபென் விமானத்தில் இருப்பதும் ஜெனரல் எலெக்ட்ரிக் வழி வந்த இன்ஜின்தான். தென் கொரியாவின் கேஎஃப்-21 போர் விமானத்திலும் அதே கம்பெனியின் எஃப்414 இன்ஜின். அவர்கள் விமானம் செய்து ஏற்றுமதிக்கும் அலைகிறார்கள். நாமோ தேஜஸுக்கென்று தொடங்கிய நம் சொந்தக் காவேரி இன்ஜினை எண்பதுகளின் கடைசியிலிருந்து செய்துகொண்டே இருக்கிறோம். 2008-இல் அதைத் தேஜஸ் திட்டத்திலிருந்து கழற்றிவிட்டார்கள். இன்னும் ஒரு தலைமுறை காத்திருக்கச் சொல்கிறீர்களா? அதுவரை எல்லையில் பறக்கப்போகிற பையன்களுக்கு என்ன பதில்?

சூலூர்வாசி:
ஸ்வீடனும் கொரியாவும் அமெரிக்காவோடு சேர்ந்து நிற்கிற நாடுகள். நாம் எந்தக் கூட்டணியிலும் இல்லை, இருக்கவும் கூடாது என்பது என் கருத்து. கூட்டாளிக்கே என்ன நடந்தது தெரியுமா? இஸ்ரேல் தன் கஃபிர் விமானத்தை ஈக்வடாருக்கு விற்கப் போனபோது, உள்ளே இருப்பது எங்கள் ஜே79 இன்ஜின் என்று சொல்லி 1977-இல் அமெரிக்கா தடுத்தது. நம் கதை இன்னும் மோசம். 1998 அணுச் சோதனைக்குப் பிறகு, தேஜஸின் பறத்தல் கட்டுப்பாட்டு மென்பொருளுக்காக அங்கே வேலை செய்துகொண்டிருந்த நம் பொறியாளர்களை வெளியே அனுப்பினார்கள். அவர்கள் திரும்பி வந்து பெங்களூரில் அதைச் செய்து முடித்தார்கள். 1993-இல் ரஷ்யா கிரையோஜெனிக் (கடுங்குளிரில் திரவமாக்கிய எரிபொருளில் ஓடும் ராக்கெட் இன்ஜின்) தொழில்நுட்பத்தைத் தராமல் பின்வாங்கியதும் அமெரிக்க நெருக்குதலால்தான். 2014 ஜனவரியில் நம்முடைய சொந்த கிரையோஜெனிக் இன்ஜினோடு ஜிஎஸ்எல்வி ராக்கெட் விண்ணுக்குப் போனது. நடுவில் ஏற்பட்ட தோல்விகளுக்காக அதை யாரும் ஊற்றி மூடவில்லை.

காவேரிக்கு முப்பது வருஷத்தில் செலவழித்தது இரண்டாயிரத்துச் சொச்சம் கோடி. பிரான்ஸின் 36 ரஃபேல் போர் விமானங்களுக்கு 2016-இல் போட்ட ஒப்பந்தம் ஏறத்தாழ 59,000 கோடி. இந்த இரண்டு தொகையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, விஞ்ஞானிகளுக்குத் திறமை போதவில்லை என்று சொல்லுங்கள்.

கடலோரன்:
ராக்கெட் இன்ஜின் சில நிமிடம் எரிந்தால் போதும். போர் விமான இன்ஜின் ஆயிரக்கணக்கான மணி நேரம் உழைக்க வேண்டும். அதன் டர்பைன் பிளேடு, அதாவது சூட்டுக் காற்றின் வேகத்தில் சுழலும் தகடு, உள்ளங்கையில் அடங்கிவிடும். ஆனால் அந்த உலோகம் உருகும் வெப்பநிலையையும் தாண்டிய சூட்டுக் காற்று அதன்மேல் அடித்துக்கொண்டே இருக்கும். அதைத் தாங்க முழு பிளேடையும் ஒரே படிகமாக வளர்த்து, உள்ளே முடி மாதிரி நுண்துளை விட்டுக் குளிர்க்காற்றை ஓட்டுகிறார்கள். இதில் தேர்ந்தவை உலகத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய நாடுகளே. சீனாவே தன் ஜே-20 போர் விமானத்தை முதலில் ரஷ்ய இன்ஜினில்தான் பறக்கவிட்டது. அவ்வளவு பணம் கொட்டியும் அத்தனை வருஷம் ஆயிற்று.

2025 மே மாதம் பாகிஸ்தானோடு நடந்த சண்டையையும் பாருங்கள். பேச்செல்லாம் நம் பக்கம் பிரம்மோஸ், ஆகாஷ், எஸ்-400 ஏவுகணைகள், அந்தப் பக்கம் சீனாவின் பிஎல்-15 ஏவுகணை, துருக்கி ட்ரோன் பற்றித்தான். இருக்கிற பணத்தை முதலில் ஏவுகணையிலும் ட்ரோனிலும் போட வேண்டும். 2025-26 பாதுகாப்பு பட்ஜெட் 6.81 லட்சம் கோடி, அதில் புதிய தளவாடம், கட்டுமானம் போன்ற மூலதனச் செலவுக்கு 1.8 லட்சம் கோடி, ஓய்வூதியத்துக்கு மட்டும் 1.6 லட்சம் கோடி. பிரம்மோஸையே எடுத்துக்கொள்ளுங்கள், ரஷ்யாவோடு சேர்ந்து செய்தது. 2022-இல் பிலிப்பைன்ஸுக்கு 37.5 கோடி டாலருக்கு விற்றோம். பாதுகாப்பு ஏற்றுமதி 2013-14-இல் 686 கோடி, 2024-25-இல் 23,622 கோடி. கூட்டாகச் செய்தே வளர முடிகிறது.

பட்டறைத்தம்பி:
ரெண்டு அண்ணன்களும் டெல்லிக் கணக்குப் பேசுறீங்க. நான் கோயம்புத்தூரில் சின்ன சிஎன்சி (கம்ப்யூட்டர் வழி இயங்கும் மிஷின்) பட்டறை வைத்திருக்கிறேன், பாதுகாப்புத் துறைக்கு ஜாப் ஒர்க் செய்கிறோம். சென்னை, கோவை, ஓசூர், சேலம், திருச்சி என்று ஐந்து இடத்தில் பாதுகாப்புத் தொழில் வழித்தடம் அறிவித்தபோது வங்கிக் கடன் வாங்கி மிஷின் போட்டவர்களில் நானும் ஒருவன். எங்களிடம் மைக்ரான் சுத்தமாக வேலை வாங்கலாம். ஆனால் முதலில் கொஞ்சம் பீஸ் கேட்பார்கள், அப்புறம் வருஷக்கணக்கில் சத்தமே இருக்காது. பழக்கிய ஆப்பரேட்டர் அதற்குள் கார் கம்பெனிக்குப் போயிருப்பான். அடுத்த டெண்டரில் யார் விலை குறைவோ அவருக்குப் போய்விடும். பேமென்ட் வருவதற்குள் வட்டி தின்றுவிடும். நீங்கள் இன்ஜின் செய்யுங்கள், ஏவுகணை செய்யுங்கள், எதுவானாலும் ஐந்து வருஷத்துக்கு இத்தனை என்று முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். 97 விமானம் ஒரே ஆர்டராக வந்ததே எங்களுக்குப் பெரிய விஷயம்.

சூலூர்வாசி:
தம்பி சொல்வதுதான் அடிமடியில் இருக்கிற பிரச்சினை. விமானந்தாங்கிக் கப்பலான ஐஎன்எஸ் விக்ராந்துக்கு ரஷ்ய எஃகு கிடைக்காமல் போனபோது, ஹைதராபாத் ஆய்வுக்கூடமும் செயில் நிறுவனமும் சேர்ந்து போர்க்கப்பல் எஃகை இங்கேயே வார்த்தன. வாங்க ஆள் உறுதியாக இருந்ததால் ஆலை நம்பிச் செய்தது. இப்போது மற்ற போர்க்கப்பல்களுக்கும் அதே எஃகுதான்.

கடலோரன், கூட்டு முயற்சியை நான் எதிர்க்கவில்லை. நாம் உருவாக்கிவரும் ஐந்தாம் தலைமுறைப் போர் விமானமான ஆம்காவுக்கு பிரான்ஸின் சாஃப்ரான் நிறுவனத்தோடு சேர்ந்து இன்ஜின் செய்வதாக 2025 ஆகஸ்டில் ராஜ்நாத் சிங் அறிவித்தார். நல்லது. ஆனால் நீங்கள் சொன்ன அந்த பிளேடை வார்க்கும் வித்தை ஒப்பந்தத்துக்குள் இருக்க வேண்டும். பாகங்களைக் கொண்டுவந்து இங்கே பூட்டுவதற்குப் பெயர் தொழில்நுட்பப் பகிர்வு இல்லை. இன்னொன்று, காவேரியை வானத்தில் சோதிக்க 2010-இல் ரஷ்யாவுக்குக் கொண்டுபோய் இல்-76 விமானத்தில் மாட்டினோம். நமக்கென்று அப்படி ஒரு பறக்கும் சோதனைக்கூடம் இருந்திருந்தால் எத்தனை வருஷம் மிச்சமாகியிருக்கும்!

கடலோரன்:
சோதனை விமானம் வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பே கிடையாது, நாளைக்கே வாங்கட்டும். ஆனால் பேச்சில் இருக்கிற 114 ரஃபேலைத் தள்ளிப்போடாமல் அதைச் செய்ய வேண்டும். 29 பிரிவை வைத்துக்கொண்டு சீனா, பாகிஸ்தான் இரண்டு பக்கமும் பார்க்க முடியாது.

சூலூர்வாசி:
114-ஐ வாங்குங்கள், ஆனால் அந்த ஒப்பந்தத்தின் பேரத்திலேயே பிளேடு வார்ப்பு ஆலையையும் கேட்டு வாங்குங்கள். காசோலை கையெழுத்தான பிறகு எந்த நாடும் நமக்கு அதைத் தராது.