ஜப்பான் கிராமத்துல விவசாயி வீட்டுல தங்கப் போறேன், சுத்த சைவம். சாப்பாட்டுக்கு என்ன பண்றது?

பெரம்பூர் பொண்ணு:
காலேஜ்ல மூணாவது வருஷம். நவம்பர்ல மாணவர் பரிமாற்றத்துல ஜப்பான் போறோம். கடைசியில நாகானோ மாகாணத்துல ஈதா ஊருக்குப் பக்கத்துல ஒரு விவசாயி வீட்டுல தங்க வைக்கிறாங்க. தாத்தா பாட்டி ரெண்டு பேர்தானாம், இங்கிலீஷ் தெரியாதாம். எனக்கு முட்டை கூட ஆகாது. படிவத்துல 'வெஜிடேரியன்'னு எழுதிட்டேன், அது போதுமா? அம்மா புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி எல்லாம் கட்டித் தரேங்கிறாங்க. அவங்க ஆசையா சமைச்சு வைக்கும்போது நான் நம்ம டப்பாவைத் திறந்தா மனசு நோகாதா?

வேளச்சேரி அக்கா:
போதாதும்மா. நான் படிக்கும்போது அகிதாவுல நெல் விவசாயம் பண்றவங்க வீட்டுல தங்கினேன், நானும் சைவம்தான். அங்க மிசோ சூப், கீரை, வேகவெச்ச பூசணி எல்லாத்துக்கும் அடியில 'தாஷி'ன்னு ஒரு சாறு போகும். பெரும்பாலும் காயவெச்ச மீனைச் சீவிப் போட்டு எடுக்கிறது. துண்டு எதுவும் மிதக்காததால அதை மீன்னே பலர் நினைக்கிறதில்ல. அதனால உங்க ஒருங்கிணைப்பாளருக்கு இன்னைக்கே மெயில் போட்டு, ஜப்பானிய மொழியிலயே எழுதி அனுப்பச் சொல்லுங்க: கறி, மீன், முட்டை வேண்டாம், கட்சுவோங்கிற மீன்ல எடுத்த தாஷியும் வேண்டாம், கொம்புங்கிற கடல்பாசியிலயோ காஞ்ச ஷிட்டாகே காளான்லயோ எடுத்த தாஷி சரி. கடையில கட்டியா விக்கிற கறி மசாலாவுல பெரும்பாலும் மாட்டுக் கொழுப்போ பன்றிக் கொழுப்போ இருக்கும், அதையும் வேண்டாம்னு மெயில்ல சேர்த்துடுங்க. கிராமத்துல கடை தூரம். முன்னாடியே தெரிஞ்சாதான் அவங்களால வாங்கி வைக்க முடியும்.

என் வீட்டம்மா நான் போன அன்னைக்கு கொம்பு பாக்கெட்டைத் தூக்கிக் காட்டி, தலையாட்டிக் கேட்டுட்டுதான் அடுப்புல வெச்சாங்க. அறுவடை சமயம், புது அகிதாகொமாச்சி அரிசிச் சோறு, டோஃபு, புகையில வாட்டின முள்ளங்கி ஊறுகாய். இன்னொரு தட்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

புளிக்காய்ச்சல் கட்டாயம் கொண்டு போங்க. ஆனா தனியா வெச்சுக்காதீங்க, அவங்க சோத்துலயே பிசைஞ்சு நடுவுல வைங்க. விருந்தாளி மாதிரி உக்காந்தும் இருக்காதீங்க. நவம்பர்னா அந்தப் பக்கம் 'இச்சிதா காக்கி' பெர்சிமன் பழத்தைத் தோல் சீவிக் கயித்துல கோத்து உலர்த்துற காலம். பக்கத்துல உக்காந்து கூட வேலை செய்யுங்க. பாஷை தெரியலங்கிற கூச்சம் கை வேலையில போயிடும், அதுல எனக்குச் சந்தேகமே இல்ல.

ஒசாகா அம்பத்தூர்க்காரன்:
அக்கா சொன்னதோட ரெண்டு விஷயம். அங்க கரண்ட் 100 வோல்ட், பிளக் தட்டையா ரெண்டு கால். போன் சார்ஜர்ல 100-240னு போட்டிருந்தா ஒரு பிளக் அடாப்டர் போதும், நம்ம ஊர் கெட்டில், குக்கர் எல்லாம் வேண்டாம். கறிவேப்பிலை, பழம், விதை எதையும் சான்றிதழ் இல்லாம உள்ள விடமாட்டாங்க, அம்மாகிட்ட சொல்லிடுங்க. பழைய வீடுகள்ல ஹீட்டர் இருக்கிற அறை மட்டும்தான் சூடா இருக்கும். தெர்மல், கம்பளி சாக்ஸ் எடுத்துக்கோங்க தங்கச்சி.

மயிலாப்பூர் அம்மா:
என் பையனும் இப்படிப் போயிட்டு வந்தான். நேரம் நம்மளவிட மூன்றரை மணி முன்னாடி. அங்க ராத்திரி எட்டுன்னா இங்க சாயங்காலம் நாலரை. எப்போ கூப்பிடுவேன்னு அம்மாகிட்ட முன்னாடியே சொல்லிட்டுப் போம்மா, பாதிக் கவலை குறையும்.

பெரம்பூர் பொண்ணு:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. மெயில் போட்டுட்டேன், அம்மாவும் கறிவேப்பிலையைப் பையில இருந்து வெளிய எடுத்துட்டாங்க. அக்கா, குளிக்கிறது எப்படி? ஒரே தொட்டித் தண்ணியிலதான் எல்லாரும் இறங்குவாங்களாமே?

வேளச்சேரி அக்கா:
ஆமா, ஆனா அழுக்கு போகக் குளிக்கிறது தொட்டிக்கு வெளியில. ஸ்டூல்ல உக்காந்து சோப்பு போட்டு, நல்லா அலசிட்டு, அப்புறம்தான் சுடுதண்ணியில இறங்கணும். பெரும்பாலும் விருந்தாளியைத்தான் முதல்ல போகச் சொல்வாங்க. முடிச்சதும் தண்ணியைத் திறந்து விட்டுடாதீங்க, மூடியைப் போட்டுட்டு வாங்க, அடுத்து அவங்க குளிக்கணும். தொட்டி பிடிக்கலன்னா வெளியில குளிச்சுட்டு வந்தாலும் யாரும் தப்பா நினைக்கமாட்டாங்க. கழிவறைக்குத் தனிச் செருப்பு வெச்சிருப்பாங்க, அதை அங்கேயே விட்டுடுங்க. பாய்த் தரையில எந்தச் செருப்பும் கூடாது.

பரிசுக்கு ஒரு சின்ன காபி பில்டரும் வறுத்து அரைச்ச பொடியும் எடுத்துட்டுப் போங்க. பால் அங்க கிடைக்கும். காலையில நீங்களே போட்டுக் கொடுங்க.