ஆமைக் கதையை வில்லுப்பாட்டாப் பாட ஆள் வேணும்

அண்ணாச்சிமாரே, அக்காமாரே, ஒரு உதவி.

உவரிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துல அறிவியல் வாத்தியாரா இருக்கேன். போன மாசம் பங்குனி ஆமைங்கிற கடலாமையைப் பத்தி ஊர்க்காரங்களுக்குத் திரை கட்டிப் படம் போட்டு விளக்கினேன். மூணாவது வரைபடத்துலயே பாதிப்பேர் எந்திச்சுப் போயிட்டாங்க. கடைசி வரை இருந்த ஒரு தாத்தா, "இதை வில்லுல பாடியிருந்தா விடிய விடிய இருந்திருப்போம்லா"ன்னாரு. மனசுல தைச்சிட்டு.

யோசிச்சா, கதை அதுக்குள்ளயே இருக்கு. தாய் ராத்திரியில கரையேறி, மணலைத் தோண்டி நூறு முட்டை போல இட்டுட்டு, திரும்பிப் பாக்காமக் கடலுக்குப் போயிருது. மணல் சூடு கூடினா குஞ்செல்லாம் பொட்டை, குறைஞ்சா ஆண். ஏறக்குறைய 50 நாள் கழிச்சு வெளிய வர்ற குஞ்சு வெளிச்சம் தெரியுற பக்கம்தான் ஓடும். கடல்னு நெனச்சு நம்ம தெருவிளக்கைப் பாத்து வந்து சாவுது. பெரிய ஆமை மூச்செடுக்க மேல வரணும், வலையில சிக்கினா மூச்சுமுட்டிரும். அந்த இடத்துல குடத்தை நிறுத்திட்டு உடுக்கையை மட்டும் மெள்ள விட்டா எப்படி இருக்கும்!

கோயில் கொடை விழாவுக்கு வில்லுப்பாட்டுப் பாடுற புலவர் யாரையாவது தெரியுமா? தகவல் எல்லாம் நான் தாரேன், மெட்டும் சொல்லும் அவங்க இஷ்டம். ஒண்ணே ஒண்ணு, மீன்பிடிக்கிறவனை வில்லனாக்கக் கூடாது. வலையை அறுத்து ஆமையை விடுறவனும் அவன்தான்.

முக்கா மணி நேரம் போதும். ஞாயித்துக்கிழமை சாயந்திரம்னா தோது. பெரிய சம்பளம் கிடையாது. வண்டிச் செலவும் மீன்குழம்புச் சோறும் உண்டு. தையில ஆமை கரையேற ஆரம்பிச்சிரும், அதுக்கு முந்தி நடத்தணும்.